திரும்பி வந்தவனிடம் முதலில் என்ன கேட்கிறோம்?

பிறை அக்கா | வெள்ளி, இரவு 11:40

இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

என் தம்பிக்கு 24 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்து நாலு மாதம் வீட்டில் சும்மா இருந்தபோது டெலிகிராமில் ஒரு வேலை வந்தது. தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ், ஆங்கிலமும் மலாயும் தெரிந்தால் போதும், சாப்பாடு, தங்குமிடம் இலவசம், மாதம் 6,500 வெள்ளி (ரிங்கிட்). பேங்காக் என்றுதான் சொன்னார்கள். அங்கே இறங்கியதும் காடியில் ஏற்றி மே சோட் வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய், ராத்திரியோடு ராத்திரியாக மோய் ஆற்றைத் தாண்ட வைத்துவிட்டார்கள். அந்தக் கரை மியாவாடி, பர்மா. "ஆறு ரொம்பச் சின்னதுக்கா. திரும்பி நடந்தே வந்துடலாம்னு நெனச்சேன்" என்றான்.

பத்து மாதம். பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். தினம் பதினைந்து பதினாறு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் பெயரில் முன்பின் தெரியாதவர்களோடு அன்பாகப் பேசி, முதலீடு என்று பணம் போட வைக்க வேண்டும். ஆள் சிக்காத நாளில் அடி. கரண்ட் வைத்த தழும்பு முதுகில் இருக்கிறது. அம்மாவின் நகையை அடகு வைத்து, கூத்துச் சீட்டு எடுத்து, 45,000 வெள்ளி அனுப்பினோம். வாங்கிக்கொண்டு அவனை இன்னொரு கூட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். விற்றுவிட்டார்கள் என்று என் தம்பியைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் கரண்ட், இண்டர்நெட், எண்ணெய் எல்லாவற்றையும் வெட்டியதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களை வெளியே விட்டார்களே, அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தான்.

வந்துவிட்டான், முடிந்தது என்று நினைத்தோம். தட்டை மடியில் வைத்து, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நாலு நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுகிறான். பக்கத்தில் யாருடைய போனிலாவது மெசேஜ் சத்தம் வந்தால் நிமிர்ந்து உட்காருகிறான், இரண்டு கையும் தானாக மேசைக்குப் போகிறது. மேசை இல்லாவிட்டால் தொடைமேல் விரல் ஓடுகிறது.

போன ஞாயிறு பட்டர்வொர்த்தில் சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்து. நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். பந்தியில் பெரியப்பா கேட்டார்: "படிச்ச பையன்தானேடா, ஏன் போனே?" இன்னொருவர்: "சரி, மொத்தம் எத்தனை பேரைக் கவுத்தே?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தம்பி பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போய், வெயிலில் நின்ற காடிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. யாரோடும் பேச்சில்லை.

நான் என்ன செய்ய? யாரிடம் போக?


செந்தூல் மல்லிகா | சனி, காலை 7:15

தங்கச்சி, முதலில் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. இப்போதைக்கு எந்த விசேஷத்துக்கும் கூட்டிப்போக வேண்டாம். சொந்தபந்தம் கோபித்தால் கோபிக்கட்டும். அப்புறம், உன் அம்மா எப்படி இருக்கிறார்? நீ அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.


தஞ்சோங் தொக்கோங் | சனி, காலை 9:02

மன்னிக்க வேண்டும், யாராவது ஒருத்தர் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் அப்பா டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2023-ல் "லிண்டா" என்று ஒருத்தி பேஸ்புக்கில் பழக்கமானாள். காலையில் குட் மார்னிங், மருந்து போட்டீர்களா, இன்று என்ன சாப்பாடு என்று மூன்று மாதம். அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. கடைசியில் இபிஎஃப் பணம் 138,000 வெள்ளி போனது. அப்பா இப்போது கோப்பிக் கடைக்குக்கூட போவதில்லை.

அந்த லிண்டா உங்கள் தம்பி மாதிரி ஒருத்தன்தான். அவனை அடித்தார்கள், சரி. அடித்தால் ஒரு கிழவனின் வாழ்நாள் சேமிப்பைப் பிடுங்கலாமா? திரும்பி வந்தவனுக்கு இத்தனை கருணை. பறிகொடுத்தவனுக்கு யார் பேசுவது?


பிறை அக்கா | சனி, காலை 10:30

உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். உங்கள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டால், அவன்தான் குற்றவாளி என்று நானே கையெழுத்துப் போட்டது ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

மல்லிகா அக்கா, அம்மா தினமும் அவன் அறை வாசலில்தான் படுக்கிறார்.


மொழிக்காரி | சனி, பிற்பகல் 2:20

நான் கோலாலம்பூரில் தமிழ், மலாய் மொழிபெயர்ப்பாளர். பன்னிரண்டு வருடமாக இப்படி மாட்டிக்கொண்டவர்களின் வாக்குமூலங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மொழியில் இதற்கு இருக்கும் சொல்லே முதல் தடங்கல். "ஆள்கடத்தல்" என்றதும் வேனில் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போவதுதான் நம் கண்ணில் வருகிறது. அதிகாரி மலாயில் பெமெர்டகாங்ஙான் ஓராங் என்று கேட்பார். அது ஆளை வைத்துச் செய்யும் வியாபாரம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை "உங்களைக் கடத்தினார்களா?" என்று தமிழில் மாற்றிக் கேட்டேன். எதிரே இருந்த பெண் தலையை ஆட்டினாள். "இல்லைங்க, நானாத்தான் டிக்கெட் எடுத்து வந்தேன்." அந்த ஒரு பதிலோடு அவள் வழக்கு பலவீனமாகிவிட்டது. அது என் தவறு. இப்போது நான் சொல்லை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்கிறேன்: என்ன வேலை என்று சொன்னார்கள், என்ன வேலை கொடுத்தார்கள், பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது, போகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

"நானாகத்தான் போனேன்" என்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று சட்டமே சொல்கிறது. நம் நாட்டில் இந்த ஆள் வியாபாரத்துக்கு எதிராக 2007-ல் கொண்டுவந்த சட்டம் 670, 2008 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் 16-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்று சொல்லி வியாபாரம் செய்தவன் தப்பிக்க முடியாது. ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பலேர்மோ ஒப்பந்தமும் இதையேதான் சொல்கிறது, மலேசியா அதில் 2009-ல் சேர்ந்தது. அதாவது, உங்கள் பெரியப்பா பந்தியில் கேட்டாரே "ஏன் போனே" என்று, அந்தக் கேள்வியைக் குற்றவாளியின் லாயர்கூட தற்காப்பாக வைக்க முடியாது.

தஞ்சோங் தொக்கோங் நண்பருக்கு: உங்கள் கோபம் நியாயமானது. 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மியன்மாரில் மட்டும் குறைந்தது 120,000 பேர், கம்போடியாவில் சுமார் 100,000 பேர் இப்படி அடைபட்டு மோசடி வேலை செய்ய வைக்கப்பட்டிருக்கலாம் என்று அதில் இருக்கிறது. பணத்தைப் பறிகொடுத்தவர், பறிக்க வைக்கப்பட்டவர் இருவருமே பாதிக்கப்பட்டவர்கள் என்றும் அது சொல்கிறது. ஆனால் நம் சட்டம் 670 தன் 25-ஆம் பிரிவில் பாதிக்கப்பட்டவருக்குத் தரும் பாதுகாப்பு, சட்டவிரோதமாக நுழைந்தது, தங்கியது, போலிப் பயணப் பத்திரம் போன்றவற்றுக்குத்தான். அடித்துச் செய்ய வைத்த மோசடிக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பியை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டால் லாயர் இல்லாமல் போக வேண்டாம் அக்கா.

இன்னொன்று. இவர்கள் சொல்வது முன்னுக்குப் பின் முரணாகத்தான் வரும். முதல் நாள் ஆறு பேர் அறையில் இருந்தோம் என்பார்கள், அடுத்த நாள் ஒன்பது என்பார்கள். பொய் இல்லை அது. தூங்க விடாமல் அடித்த மூளையில் நாளும் கணக்கும் கலைந்து கிடக்கும். ஒருவர் எனக்கு எல்லாத் தேதியும் தப்பாகச் சொன்னார், ஆனால் கொட்டகைத் தகரத்தில் இருந்த பதினேழு ஆணியையும் வரிசையாக வரைந்து காட்டினார்.

இப்போதைக்கு: பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு கிளினிக்குக்கு, ஒரு நாள் கூட்டிப்போங்கள். 1 வெள்ளிதான். "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் போதும், மனநல மருத்துவருக்குக் கடிதம் கேட்டு வாங்கலாம். தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999, எந்நேரமும் எடுப்பார்கள். அவனை "பேசு பேசு" என்று மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள்.


நடத்துனர் | சனி, பிற்பகல் 3:05

இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அந்தத் தம்பி யார், எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தான் என்று யாரும் தோண்ட வேண்டாம். மீண்டும் செய்தால் கணக்கு முடக்கப்படும்.


புதுக்கோட்டையான் | சனி, மாலை 6:48

வணக்கம். நான் இப்போது ஊரில் இருக்கிறேன். 2016-லிருந்து 2018 வரை கோலாலம்பூரில் இருந்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி, தோசை போடும் வேலை. கடையின் பெயர் வேண்டாம்.

ஏஜென்ட் ஒண்ணே கால் லட்சம் ரூபாய் வாங்கினார். போனதும் பெர்மிட் போட்டுத் தருவார்கள் என்றார். டூரிஸ்ட் விசாவில் இறங்கினேன். அன்றைக்கே பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பதே மலேசியச் சட்டப்படி குற்றம் என்று எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். பெர்மிட் வரவே இல்லை. காலை ஐந்தரைக்கு அடுப்படியில் நின்றால் ராத்திரி பன்னிரண்டு. கடைக்கு மேலே ஒரே ரூமில் பதினோரு பேர். சம்பளத்தை லெவி வரிக்குப் பிடித்தேன், விசாவுக்குப் பிடித்தேன் என்று ஐந்து மாதம் கையில் ஒன்றும் தரவில்லை. ஒருநாள் கல்லில் கை பட்டு உள்ளங்கை வெந்துபோனது. கோல்கேட் தடவிவிட்டு மாவு பிசையச் சொன்னார்கள். இன்றைக்கும் அந்தக் கையை முழுதாக விரிக்க முடியாது.

தப்பி ஓடிய பிறகு அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கதவு பூட்டியிருந்ததா?" இல்லை. "அப்போ ஏன் இரண்டு வருஷம் ஓடலை?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். பூட்டு எங்கள் ஊரில் இருந்தது. வட்டிக்காரர் தினம் சாயந்தரம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். நான் ஓடினால் அவர் திண்ணையைத் தாண்டி உள்ளே வருவார். என் தங்கச்சிக்கு அப்போது பதினேழு வயது.

ஓடிய அன்றைக்கு எங்கே போவது என்று தெரியாமல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா என் கையைப் பார்த்தார். யாரு, எந்த ஊரு, பெர்மிட் இருக்கா எதுவும் கேட்கவில்லை. "சாப்ட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். நான் அழுததைப் பார்த்துப் பூக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டுப் போய் சோறு வாங்கி வந்தார். நான் எல்லாவற்றையும் முதல்முதலாகச் சொன்னது அவரிடம்தான். அவர்தான் உதவி செய்கிறவர்களிடம் கொண்டுபோய் விட்டார்.

அப்புறம் காப்பகம். சோறு நல்ல சோறு, அடிக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கும். வீட்டுக்கு போன் வாரத்தில் ஒருநாள், பக்கத்தில் ஆள் நிற்பார். முதலில் 21 நாள் என்றார்கள், அப்புறம் மூன்று மாதம், அப்புறம் கோர்ட்டில் சாட்சி முடியும்வரை என்று நீட்டினார்கள். முதலாளி ஜாமீனில் கடையைத் திறந்து வைத்திருந்தார், நான் உள்ளே இருந்தேன். என்னைக் காப்பாற்றியவர்களிடமே "எப்போ என்னை விடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா, தம்பி அறையில் சாவி உள்பக்கம் இருக்கட்டும். அது பெரிய விஷயம். எனக்கு அது பெரிய விஷயம்.


மொழிக்காரி | சனி, இரவு 8:10

புதுக்கோட்டை அண்ணன் எழுதியதற்கு ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். சட்டம் பற்றி மட்டும்: 2015-ல் செய்த திருத்தத்தின்படி காப்பகத்தில் இருப்பவர் வெளியே போய்வரலாம், வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. ஏட்டில் வந்துவிட்டது, எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை. நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் பூட்டிய கதவுக்குள்தான் நாளை எண்ணினார்கள்.


தண்ணீர்மலை ஐயா | ஞாயிறு, காலை 6:30

எனக்கு 71 வயது. கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பினாங்கில் பள்ளி ஆசிரியராக இருந்தேன்.

என் அப்பா 1943-ல் ஜப்பான்காரனிடம் சிக்கிச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போனவர். நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று சொல்லிச் சிலரைக் கூட்டிப்போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றியதும் உண்டு. சயாமிலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடும் வேலை, காலராவிலும் பட்டினியிலும் நம் சனம் கொத்துக் கொத்தாகச் செத்தது. உங்கள் தம்பியையும் வேலை என்று சொல்லி சயாம் வழியாகத்தான் பர்மாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

அப்பா உயிரோடு திரும்பினார். லயத்து வாசலில் அவரைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் கேட்டது என்ன தெரியுமா? "உன்கூடப் போன என் மகன் எங்கே? நீ மட்டும் எப்படி வந்தே?" கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். ஆனால் அப்பா அன்றைக்கு வாயை மூடியவர்தான். 1981-ல் சாகும்வரை எங்களிடம் சயாம் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முதலில் ஒரு பிடி சோறு ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பார். காக்கைக்கா என்று கேட்டால் இல்லை என்பார். யாருக்கு என்று சொன்னதில்லை. நானும் ஆசிரியன் ஆகி ஆயிரம் பிள்ளைகளிடம் ஆயிரம் கேள்வி கேட்டேன், அவரிடம் கேட்காமலேயே விட்டுவிட்டேன்.

இந்த நாட்டில் வாயில்லாதவர்களுக்காகப் பேசுவதும் லேசான காரியமில்லை. சுங்கை பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ், பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உரிமைக்காகப் பேசும் தெனாகனிதா அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995-ல் எழுதி வெளியிட்டதற்கு அவரையே கைது செய்து, 2003-ல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பளித்தார்கள். 2008-ல்தான் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அத்தனை வருடமும் அந்த அலுவலகக் கதவைத் தட்டியவர்களுக்கு அவர் முகம் கொடுத்தார். 2014-ல் காலமானார்.

தஞ்சோங் தொக்கோங் தம்பி, ஒன்று கேட்கலாமா? உங்கள் அப்பா கோப்பிக் கடைக்குப் போகாததற்குக் காரணம் பணம் போனதா, அல்லது அங்கே யாராவது ஏதாவது கேட்டார்களா?


தஞ்சோங் தொக்கோங் | ஞாயிறு, பிற்பகல் 1:15

ஐயா, கேட்டார்கள். "இவ்வளவு வயசாகி, ஒரு பொம்பளை பேச்சை நம்பி ஏன் கொடுத்தே?" என்று. அது கடையில் கேட்டது.

வீட்டில் கேட்டது நான். ஒருமுறை இல்லை, பல முறை. பேங்க் ரசீதுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் காட்டி, இது எதுக்கு, இது எதுக்கு என்று. அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார்.

நேற்று எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணம் எங்களுக்குத் திரும்ப வரப்போவதில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்த இடத்தில் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்களாமே? அம்மா இறந்ததை அவர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள், எப்படி அவரைப் பிடித்தார்கள் என்று அப்பா இன்னும் தன்னையே திட்டிக்கொள்கிறார். "நான் முட்டாள்" என்று தனியாகப் பேசுவது எனக்குக் கேட்கிறது. அக்காவின் தம்பிக்குத் தெரிந்திருக்கலாம். அவன் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் மட்டும்.


செந்தூல் மல்லிகா | ஞாயிறு, மாலை 4:00

படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தஞ்சோங் தொக்கோங் தம்பி, அப்பாவுக்குச் சாப்பாடு ஏதாவது அனுப்ப வேண்டுமானால் சொல்லு. என் நாத்தனார் ஆயர் ஈத்தாமில்தான் இருக்கிறாள்.


பிறை அக்கா | ஞாயிறு, இரவு 10:25

எல்லாவற்றையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். காட்டலாமா கூடாதா என்று ரொம்ப யோசித்துத்தான். புதுக்கோட்டை அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னான். அப்புறம் எழுந்து போய்த் தன் அறைச் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு, உள்பக்கம் மாட்டினான்.

தஞ்சோங் தொக்கோங் அண்ணே, உங்கள் கேள்விக்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கட்டுக் கட்டா பேப்பர் கொடுப்பாங்கக்கா. மனைவி செத்தவங்களுக்குத் தனி பேப்பர். நாப்பது நாள் பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது, சாப்டீங்களான்னு மட்டும்தான் கேக்கணும். பேஸ்புக்ல அஞ்சலிப் படம் போட்டவங்களைத் தேடுறதுக்குன்னே நாலு பேர் உக்காந்திருப்பாங்க. அந்த அங்கிள் முட்டாள் இல்ல. அது அத்தனை பேர் உக்காந்து பண்ற வேலை."

பத்து மாதத்தைப் பற்றி அவன் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசும்போது கை மேசைமேல்தான் இருந்தது, ஆனால் விரல் ஓடவில்லை.

"சாப்டீங்களா" என்று எழுதி எழுதியே அந்தச் சொல்லை இப்போது கேட்டால் குமட்டுகிறதாம். அம்மா தினமும் மூன்று வேளை அதைத்தான் கேட்கிறார். இன்றிலிருந்து கேட்காமல் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மாவும் ஒரு தட்டோடு உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை கிளினிக்.


தஞ்சோங் தொக்கோங் | திங்கள், காலை 6:50

அப்பா காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தம்பி சொன்னதைப் படித்துக் காட்டினேன். தனி பேப்பர், நாலு பேர், நாற்பது நாள் எல்லாம். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. "அந்தப் பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். 24 என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவனை அடிச்சாங்களா?" என்றார்.

அடித்தார்கள் என்று சொன்னேன்.

அக்கா, தம்பிக்குச் சரி என்றால் மட்டும், ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஃபெரியில் அந்தப் பக்கம் வருகிறேன். அவசரமில்லை.